மணிக்கட்டில் நீலம்

பஞ்சைத் தின்னரில் நனைத்து அவருடைய விரலிடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது புது வேலையில்லை. பெயின்டருக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து சாயங்காலந்தோறும் செய்வதுதான். வழக்கமாக அவர் "எரியுதுடி, விடு" என்று கையை இழுத்துக்கொள்வார். இன்றைக்கு இழுக்கவில்லை. கூடத்து பெஞ்சின்மேல், துவைத்த வேட்டி சட்டையில், சொன்னபடி கேட்கிற ஆளாகப் படுத்திருந்தார். இந்தப் பணிவு உயிரோடு இருந்தபோது ஒருநாள்கூட இருந்ததில்லை.

வலது கையை முடித்துவிட்டு இடது கையைத் தூக்கியபோதுதான் கவனித்தாள். வாட்சைக் காணோம்.

"ஆஸ்பத்திரியில கழட்டியிருப்பானுங்க," என்றார் பின்னால் நின்ற அவளுடைய அண்ணன். "இல்லேன்னா அந்த ஏணி. அவன்தானே கூட இருந்தான்? கொண்டுவந்து போட்டவன் ராத்திரியோட ஆளே காணோம் பாரு."

ஏணி என்பது அவரோடு வேலை செய்தவனின் பட்டப்பெயர். உயரத்துக்காக வந்தது. ஏணி போடாமலே உத்தரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பான் என்று இவர்தான் வைத்தார்.

"மாமா, ஒரு மட்ட வாட்சைப் போய் யாராவது திருடுவாங்களா?" என்றாள் மகள்.

"மட்டமோ ஒசத்தியோ, செத்தவன் கையில இருந்ததில்ல?"

அவள் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். வெயிலில் கறுத்த கையில் வாட்ச் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அந்த வெளுப்பின்மேல் மூன்று நான்கு நீலப் புள்ளிகள் இருந்தன. பெயிண்ட் தெறிக்கும்போது வாட்ச் கையில் இருந்திருந்தால் புள்ளி அங்கே எப்படி விழும்? ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே அது கையில் இல்லை. புள்ளிகளைத் துடைக்க மனம் வராமல் பஞ்சைக் கீழே வைத்தாள்.

அந்த வாட்ச் இந்த வீட்டில் கொஞ்சநஞ்சப் பாடு படுத்தவில்லை. நடைபாதைக் கடையில் வாங்கியது. பேட்டரி கிடையாது, சாவி கொடுக்கத் திருகும் கிடையாது. கை அசைகிற அசைவில் தானாகவே சாவி ஏறிக்கொள்ளும் ரகம். "நான் உழைச்சா அது ஓடும். உன்னை மாதிரி அதுக்குத் தனியா தீனி போட வேண்டாம்," என்று வாங்கிய அன்றே பெருமையடித்தார். அவர் வேலை விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் உள்ளேயிருந்து "மணி என்ன?" என்று கேட்பாள். அவர் வாட்சைப் பார்த்துச் சொல்வார். அவள் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பாள். வருடக் கணக்காக நடந்த விளையாட்டு. வருடக் கணக்காக அவர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் முடிந்த பிறகு வாட்ச் பின்தங்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு அரை மணி நேரம். ஒருநாள் நின்றே போயிருந்தது. அவள் விடாமல் கேலி செய்து, கடைசியில் அவரைக் கையோடு ரிப்பேர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ரிப்பேர்க்காரர் மூடியைத் திறந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு வாரம் தன் கையிலேயே கட்டிப் பார்த்தார். நிமிஷம் தப்பாமல் ஓடியது. இவர் கைக்கு வந்ததும் மறுபடி நொண்டியது. இரண்டாம் தடவை போனபோது ரிப்பேர்க்காரர் தலையைச் சொறிந்தார்.

"கை ஆடலேன்னா இது பின்தங்கும்மா. நாள் பூரா உக்காந்தே இருக்கறவங்களுக்கு அப்படி ஆகும். ஐயா என்ன வேலை?"

"பெயின்டர்," என்றாள் அவள்.

"அப்ப அது இல்ல. பெயின்டர் கை எங்க சும்மா இருக்கப் போகுது?"

அவளும் ரிப்பேர்க்காரரும் சிரித்தார்கள். அவர் மட்டும் வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டு கடைப்படியில் இறங்கிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து வாட்ச் சரியாக ஓடியது. தான் போட்ட போடில் வாட்சே பயந்துவிட்டது என்று அவள் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. ஏணி, வாசல்நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கும்பிடக் கையைத் தூக்கினான். சட்டைக்கை நழுவ, மணிக்கட்டில் வாட்ச் தெரிந்தது.

அண்ணன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, நான் சொன்னேன்ல?"

"விடுண்ணே," என்றாள். "அவன் சொல்லட்டும்."

ஏணி கையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. "நேத்து இருந்த பதட்டத்துல கையில இருந்ததே தெரியல அண்ணி. வீட்டுக்குப் போய்த்தான் பாத்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு..."

"உன் கைக்கு எப்படி வந்தது?"

"தினமும் காலையில குடுத்துருவாரு. சாயங்காலம் கிளம்பறப்ப வாங்கிக் கட்டிக்குவாரு."

"எதுக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். "அண்ணனால பிரஷ்ஷைத் தூக்க முடியல. ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்கும். டப்பாவைக் கவுத்துப் போட்டு உக்காந்து, இந்த ஓரம் விட்டுப் போச்சு, அந்த மூலை திட்டாயிருக்குன்னு சொல்லுவாரு. ரெண்டு பேர் சுவரையும் நானே அடிச்சேன். டாக்டர்கிட்ட போகலாம்னா, அவ காதுல விழுந்தா வீட்ல உக்கார வச்சுருவா, நான் செத்துருவேன்டாம்பாரு."

அண்ணன் பிடியைத் தளர்த்தினார்.

"அப்ப சட்டையில பெயிண்ட்டு?" என்று கேட்டாள் அவள்.

"கிளம்பறப்ப தெளிச்சுக்குவாரு. மூஞ்சியில கொஞ்சம், கையில கொஞ்சம். நேத்தும் தெளிச்சுக்கிட்டு, வாட்சைக் குடுடான்னு கையை நீட்டினாரு அண்ணி. நான் கழட்டறதுக்குள்ள சாஞ்சுட்டாரு."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வாட்சுக்குத் தெரிந்திருக்கிறது, இந்தப் பனைமரத்துக்குத் தெரிந்திருக்கிறது, கட்டியவளுக்குத் தெரியவில்லை. எத்தனை சட்டையைக் கல்லில் அடித்துத் துவைத்திருப்பாள், எத்தனை வசவு வைதிருப்பாள். சாயங்காலங்களில் மாடிப்படித் திருப்பத்தில் செருப்புச் சத்தம் நின்றுவிட்டுத் தொடர்ந்ததைக் காதால் கேட்டிருக்கிறாள். கீழ்வீட்டுக்காரரோடு அரட்டை என்று நினைத்தாள். எழுந்து நின்று அந்த மனிதரைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. மகள் அவள் முதுகில் கை வைத்தாள்.

ஏணி வாட்சின் வாரை அவிழ்க்கப் போனான்.

"கழட்டாத," என்றாள். "நின்னுரும்."

வண்டி வந்துவிட்டதென்று கீழேயிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். நான்கு பேர் பெஞ்சோடு தூக்கினார்கள். ஏணி தலைமாட்டில் நின்றான். அவன் உயரத்துக்குத் தலைப்பக்கம் மேலே போய்விட, முழங்காலை மடக்கி நடந்தான். வாசலுக்கு வந்ததும், அவள் தினமும் கேட்கிற அதே இடத்திலிருந்து கேட்டாள்.

"மணி என்ன?"

எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஏணிக்குக் கையை எடுக்க முடியவில்லை. பிடித்தபடியே மணிக்கட்டைத் திருப்பி, கழுத்தை வளைத்துப் பார்த்தான்.

"பத்தே கால், அண்ணி."

அவள் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே காலேதான்.

"சரி," என்றாள். "மெதுவா இறக்குங்க. அவருக்குப் படியில மூச்சு வாங்கும்."