பொட்டலம் காது கொடுக்காத குரல்

யார் கூப்பிட்டாலும் பொட்டலம் வந்தது. அவள் கூப்பிட்டால் மட்டும் வரவில்லை.

அவள் வீட்டுக்காரன் "டேய்" என்றால் போதும், வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடும். மருந்துக்கடை வேலை முடிந்து வரும் நாத்தனார் படியில் நின்றே "எங்கடா அந்தத் திருடன்?" என்று கேட்டால் கதவைப் பிறாண்டும். எதிர்வீட்டுக் குழந்தைக்கும் ஓடும், மின்கணக்கு எடுக்க வருகிறவருக்கும் ஓடும். ஆனால், அட்டைப்பெட்டியில் நனைந்து கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கிவந்து, துடைத்து, பால் புகட்டி, பெட்டியில் வந்ததால் பொட்டலம் என்று பேரும் வைத்தவள் கூப்பிட்டால், இருந்த இடத்திலிருந்தே ஒரு கொட்டாவி விடும்.

"பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தீங்களே அண்ணி," என்றாள் நாத்தனார். "அது உங்களுக்குக் குடுக்கிற மரியாதையைப் பாருங்க."

கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. போன வாரம் குடியிருப்பின் முற்றத்தில் ஒரு கார் பின்னோக்கி வந்தபோது, சரியாகச் சக்கரத்துக்கு நேரே உட்கார்ந்து பொட்டலம் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. அவள் நான்கு முறை கூப்பிட்டாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரேக் பிடித்த சத்தத்தில் மூன்று மாடி ஜன்னல்களும் திறந்தன.

அன்று மாலையே சங்கச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர்; எதையும் அளந்துதான் செய்வார். அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாய்களுக்குச் சோதனை. சங்கத்தின் நாய்ப் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே முப்பது அடி தள்ளி நின்று கூப்பிட வேண்டும். மூன்று வாய்ப்பு. கையில் பிஸ்கட் கூடாது. வராத நாய் குடியிருப்பில் இருக்கக் கூடாது.

பொட்டலம் அவள் பேரில்தான் பதிவாகியிருந்தது.

"அழாதே," என்றான் வீட்டுக்காரன். அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். "இது ஒரு பழுது. பழுதுன்னா காரணம் இருக்கும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்கணும். ரெண்டைச் சேர்த்து மாத்தினா, எது கெட்டிருந்ததுன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

முதல் சந்தேகம், காது. பொட்டலம் பால்கனியில் தூங்கும்போது சமையலறையில் பிஸ்கட் டப்பா மூடியை நகத்தால் மெல்லத் தட்டினான். தட்டிய கையை எடுக்குமுன் நாய் காலடியில் நின்றது. காதில் குறையில்லை.

இரண்டாவது, பாசம். ஒருவேளை அவளைப் பிடிக்கவில்லையோ? அதுவும் பொருந்தவில்லை. அவள் வேலை முடிந்து வரும்போது, மூன்றாம் மாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலம், அவள் முதல் மாடிப் படியில் கால் வைத்ததுமே எழுந்துவிடும். அதே படியில் இன்னும் பதினோரு குடும்பத்தினர் ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்கு எழுவதில்லை. அவள் இடது காலைக் கொஞ்சம் அழுத்தி வைப்பாள்; அந்தத் தாளம் அதற்கு மனப்பாடம். அவள் இல்லாத நேரத்தில் அவள் செருப்பின்மேல்தான் தலைவைத்துத் தூங்கும். வேறு செருப்பை மாற்றி வைத்தால் முகர்ந்துவிட்டு எழுந்து போய்விடும்.

மூன்றாவது, வாசனை. புது சோப்பாக இருக்குமோ என்று இரண்டு நாள் அவன் சோப்பில் குளித்தாள். எந்த மாற்றமும் இல்லை. "இப்ப நீயும் என்னை மாதிரி நாறுறே, அவ்வளவுதான்," என்றான் அவன்.

நான்காவது சோதனைதான் முக்கியமானது. மூவரும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கதவு மூடியிருந்தால் முகமும் தெரியாது, கையும் தெரியாது. குரல் மட்டும்தான் வெளியே போகும். நாத்தனார் கூப்பிட்டதும் கதவு அதிர்ந்தது. அவன் கூப்பிட்டதும் அதிர்ந்தது. அவன் பெண்குரலில் கீச்சிட்டபோதும் அதிர்ந்தது.

"பொட்டலம், இங்கே வா," என்றாள் அவள்.

அமைதி. பிறகு, தண்ணீர்க் கிண்ணத்தை நக்கும் சத்தம் மட்டும்.

"அப்ப உன் குரல்தான் பழுது," என்று தீர்ப்புச் சொன்னான் மெக்கானிக்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவள் பிழைப்பே அந்தக் குரல்தான். பின்தெருவில் இருக்கும் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர் அவள். அந்த அறிவிப்புகள் எப்படி உருவாகின்றன என்பது வேடிக்கையான சங்கதி. ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்களை அவள் தனித்தனியாகச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறாள். ஊர்ப் பெயர்கள் தனி, 'வந்து சேரும்' தனி, 'புறப்படும்' தனி. தேவையான துண்டுகளைக் கணினி எடுத்துக் கோத்துக்கொள்ளும். ஒட்டுப்போட்ட இடம் காதுக்குத் தெரியாமலிருக்க வேண்டுமானால் எல்லாத் துண்டுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மகிழ்ச்சி கூடாது, சலிப்பு கூடாது, ஏற்றம் இறக்கம் கூடாது. அதற்காக ஆறு மாதம் பயிற்சி எடுத்தாள். பயிற்சி நன்றாகவே ஒட்டிக்கொண்டது. இப்போது உப்பு கேட்டால்கூட ஏதோ பேருந்து வருகிற மாதிரிதான் இருக்கும்.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. மின்விசிறி நின்றுபோயிருந்ததால் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, பொட்டலத்தின் அருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள். காற்றோடு சேர்ந்து குரல் வந்தது: "பயணிகளின் கனிவான கவனத்துக்கு. தடம் எண் பதினேழு, நான்காம் நடைமேடையிலிருந்து, இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

அவள் குரல். பொட்டலத்தின் காது ஒரு நூல்கூட அசையவில்லை.

கீழே யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள், காது நிமிர்ந்தது. நான்கு நிமிடம் கழித்துத் தடம் எண் முப்பத்திரண்டு வந்தது, காது படுத்துக்கொண்டது.

அவள் அப்படியே எழுந்துபோய், இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த நாத்தனாரை எழுப்பினாள். "இது வந்த புதுசுல பகல் முழுக்க ஜன்னலுக்கும் கதவுக்குமா ஓடிட்டே இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணி. வயிறு சரியில்லைன்னு நான் மருந்துகூடக் கொண்டு வந்தேனே."

"வயிறு இல்லை. நான் கூப்பிடுறேன்னு நினைச்சு ஓடியிருக்கு."

சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரன் விஷயத்தைக் கேட்டதும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டான். நான்கு நிமிடத்துக்கு ஓர் அறிவிப்பு. ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது. இருநூற்றைம்பது முறை குரல் வருகிறது, ஆள் வருவது ஒரே ஒரு முறை. நாய்க்கு மனிதர் என்றால் குரல் மட்டுமில்லை. காலடி, வாசனை, முகம் எல்லாம் சேர்ந்த கூட்டு. ஒன்று வந்தால் மற்றதும் பின்னால் வரும் என்று நம்பித்தான் அது ஓடுகிறது. நம்பி ஓடிய குட்டி ஒரு வாரம் ஏமாந்தது. பிறகு அந்தக் குரலை, ஃப்ரிட்ஜின் உறுமலோடும் விசிறியின் கிறீச்சோடும் சேர்த்து, 'ஒன்றுமில்லாத சத்தங்கள்' பக்கத்தில் போட்டுவிட்டது. அவளைத் தெரியாமல் இல்லை. குரலைத்தான் கழித்துவிட்டது.

"இத்தனை நாளா நமக்கு எப்படி உறைக்கலை?" என்று கேட்டாள் அவள். "தினமும் இந்த ஜன்னல் வழியாத்தானே கேக்குது?"

நாத்தனார் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நாங்களும் உங்க குரலுக்குக் காது குடுக்கிறதை எப்பவோ நிறுத்திட்டோம் அண்ணி."

காரணம் கிடைத்துவிட்டது, மருந்து கிடைக்கவில்லை. விசில் அடிக்க அவளுக்கு வராது, காற்றுதான் வந்தது. கைதட்டினால் பொட்டலம் அவள் கையை அக்கறையோடு பார்த்ததே தவிர நகரவில்லை. புதிதாகப் பழக்க மூன்று நாள் போதாது. உரக்கக் கத்திப் பார்த்தாள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டியது போல இருந்தது. கொஞ்சிப் பார்த்தாள், தடம் எண் பதினேழு வெட்கப்படுவது போல இருந்தது.

சனிக்கிழமை காலை, அவள் இஸ்திரி போட்டு வைத்த வெள்ளைச் சீருடையின்மேல் வீட்டுக்காரன் கிரீஸ் சொட்டும் கம்ப்ரசர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

"யோவ்! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? வெள்ளைத் துணியில கொண்டாந்து வைக்கிறியே, நீயெல்லாம் மனுஷனாய்யா?"

பால்கனியிலிருந்து நகங்கள் தரையில் வழுக்கும் சத்தம் கேட்டது. பொட்டலம் நாற்காலியை இடித்துக்கொண்டு வந்து, அவள் கால்மேல் உட்கார்ந்து, வாலால் தரையைப் பெருக்கியது.

மூவரும் அதையே பார்த்தார்கள்.

"இது ரெக்கார்டிங்குல இல்லாத குரல்!" என்று குதித்தான் வீட்டுக்காரன். "இந்தக் குரல் வந்தா ஆளும் கண்டிப்பா அங்கேயே இருக்கும். ஒரு தடவைகூட ஏமாத்தினதில்லை. அதோட திட்டு தனக்கில்லைன்னும் அதுக்குத் தெரியும். இன்னொரு தடவை திட்டு!"

"முட்டாள். அறிவற்றவர்," என்றாள் அவள், ஒரே மட்டத்தில். பொட்டலம் கொட்டாவி விட்டது.

பொய்க்கோபம் உதவவில்லை. நடிக்கப் போனாலே பயிற்சிக் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. எனவே சோதனையைத் தொடர, வீட்டுக்காரன் நிஜமாகவே குற்றங்கள் செய்ய வேண்டியிருந்தது. ஈரத்துண்டைத் தலையணையில் போட்டான். அவள் படித்துக்கொண்டிருந்த கதையின் கடைசித் திருப்பத்தைச் சொன்னான். இரண்டு முறையும் அவள் சீறினாள், இரண்டு முறையும் நாய் பறந்து வந்தது. மதியத்துக்குள் அவளுக்குக் கோபம் தீர்ந்துபோய் வெறும் சிரிப்பு வந்தது.

"நாளைக்கு என்ன செய்யுறது?" என்று கவலைப்பட்டாள்.

"அதை என்கிட்ட விடு," என்றான் அவன். கொஞ்சம் வெளிறித்தான் இருந்தான்.

ஞாயிறு காலை செயலாளர் நாடாவை இழுத்து முப்பது அடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஒரு முனையில் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நாத்தனார். மறுமுனையில் அவள், பக்கத்தில் வீட்டுக்காரன். முந்தின மூன்று நாய்களும் தேர்ச்சி பெற்றிருந்தன.

"பொட்டலம், இங்கே வா."

பொட்டலம் ஓர் எறும்பைப் பார்த்தது.

"ஒண்ணு," என்றார் செயலாளர்.

அவள் மறுபடி வாயைத் திறந்த அதே நொடியில் பின்தெருவிலிருந்தும் அவள் குரல் கிளம்பியது. 'பொட்டலம்' என்ற கூப்பாட்டோடு தடம் எண் முப்பத்திரண்டும் கலந்து போனது. செயலாளரே ஒரு கணம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார்.

"ரெண்டு. இன்னும் ஒரு வாய்ப்புதான் இருக்கும்மா."

அவள் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஓரடி விலகி நின்றுகொண்டான்.

"உங்க அக்கா குடுத்த பச்சைச் சால்வை பாழாப்போச்சே," என்றான். "சலவைக்காரர்தான் பாழாக்கினார்னு அவரோட சண்டை போட்டியே, ரெண்டு வருஷமா அந்தக் கடைப் பக்கமே போகலையே. அது அவர் இல்லை. நான்தான் அதால ஃப்ரிட்ஜ் மோட்டாரைத் துடைச்சேன்."

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"அடப்பாவி! யோவ், ரெண்டு வருஷமாய்யா? அந்த மனுஷனை நடுத்தெருவுல வச்சுக் கேட்டேனேய்யா! பக்கத்துல நின்னு தலையை வேற ஆட்டினியே, உன்னை..."

நாத்தனார் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போனது. முப்பது அடியை நான்கே தாவலில் கடந்து, பொட்டலம் அவள் கால்மேல் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது. அவள் குனிந்து அதை அள்ளிக்கொண்டாள். அள்ளியபடியே திட்டையும் தொடர்ந்தாள்.

செயலாளர் பதிவேட்டைப் புரட்டினார். "வந்துடுச்சு, சரி. ஆனா எப்படிக் கூப்பிட்டா வரும்னு எழுதணும். அவசரத்துக்கு உதவும்."

வீட்டுக்காரன் எட்டி நின்றே சொன்னான். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தெளிவான கையெழுத்தில் எழுதி, உரக்கப் படித்துக்காட்டினார்:

"நாயின் பெயர்: பொட்டலம். அழைக்கும் முறை: கணவரை உண்மையாகத் திட்டினால் வரும்."