விலையைக் குறைக்கச் சொன்ன மாமனார்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, காதில் விழுந்தது. பழைய சைக்கிள் சாமான் விற்கும் கடைக்கு என் மகளுக்காக ஒரு மணி வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒருவர் தன் பிரேக்கை விற்க வந்திருந்தார். கடைக்காரர் ஒரு விலை சொன்னார். "அவ்வளவெல்லாம் வேண்டாங்க, அது நல்லா ஓடின சாமான்" என்றார் இவர். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மணியைப் பார்த்தேன். விற்க வந்தவன் விலையை ஏற்றுவான், வாங்குகிறவன் இறக்குவான், உலகம் அப்படித்தான் ஓடுகிறது. இந்த மனிதர் ஏன் தலைகீழாக நிற்கிறார் என்ற கேள்வியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். மணியைக் கடையிலேயே மறந்திருந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அந்தி மயங்கும் வேளையில், துருவின் மெல்லிய வாசம் நினைவுகளைக் கிளற…'

அதைக் கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன். நீங்கள் எதிலிருந்து தப்பித்தீர்கள் என்று தெரிய வேண்டாமா?

இரண்டாவது தொடக்கம்: 'மருமகள் பூதக்கண்ணாடியை எடுத்தாள்.' இது தேவலை. அவள் வேலையே அதுதான். பழைய ரேஸ் சைக்கிள் பாகங்களுக்கு மறுவிற்பனை விலை போடுகிறவள். அவள் புருஷன் படம் எடுத்து இணையத்தில் ஏற்றுவான், அவள் படத்துக்குக் கீழே 'நிலை' என்று ஒரு வரி எழுதுவாள். எங்கெங்கோ இருக்கிற சேகரிப்பாளர்கள் அந்த ஒரு வரியை நம்பிப் பொருளைப் பார்க்காமலே வாங்குவார்கள். இதுவரை அவள் ஒரு பொய் எழுதியதில்லை.*

* நான் அப்படி இல்லை. பாதிப் பொய்யில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனாலேயே அவளிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

3

குடும்பம் வீடு மாறுகிறது. புது வீட்டில் மாமனாரின் ரேஸ் சைக்கிளுக்கு இடமில்லை. விற்றுவிடலாம் என்று அவரே சொன்னார். மகனுக்குத்தான் மனசில்லை. அப்பா அதில் மலை ரோட்டில் பறந்த கதை, வளைவில் விழுந்த கதை, விழுந்தெழுந்து இரண்டாவதாக வந்த கதை, இவற்றைக் கேட்டே சோறு தின்று வளர்ந்தவன் அவன்.

(இரண்டாவது என்பதைக் கவனியுங்கள். முதலாவது என்றால் கோப்பை எங்கே என்று யாராவது கேட்பார்கள்.)

கூடத்தில் போர்வை விரித்து, படத்துக்காகப் புது டயர் மாட்டி, சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். மகன் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். மாமனார் செய்தித்தாளைப் பிடித்தபடி, படிக்காமல் உட்கார்ந்திருந்தார். மருமகள் மிதிகட்டையைத் தாங்கும் கிராங்கைப் பார்த்தாள். ஓட்டுகிறவரின் கணுக்கால் உரசி உரசி அதில் பொறித்த எழுத்து மங்கிப்போகும். இங்கே பளிச்சென்று இருந்தது. பல்சக்கரத்தில் தேய்மானம் இல்லை. பிரேக் கட்டையில், அச்சில் வார்த்தபோது விழுந்த வரிகூட அழியவில்லை.

இந்தத் தொழிலில் ஓடாததுதான் உசத்தி. அவளுக்குச் சந்தோஷம்.

"மாமா, நல்ல விலை போகும். புதுசாட்டமே இருக்கு."

மாமனார் செய்தித்தாளை மடித்தார். "என்னம்மா சொல்றே? நல்லாப் பாரு. மலை ரோட்டுல அடிச்ச வண்டி அது. பாதி விலை போடு, போதும்."

"பாதியா? அப்பா, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் மகன், டேப்பைப் பல்லால் கடித்தபடி.

"நீ சும்மா இருடா. தேஞ்ச சாமானுக்கு முழு விலை வாங்கறது நியாயமில்ல. அந்த சீட்டைப் பாரும்மா, தெரியும்."

அவள் பார்த்தாள். சீட்டுத் தோல் நிஜமாகவே தேய்ந்து, ஒரு ஆள் உட்கார்ந்த வாகில் குழிந்திருந்தது. பிரேக் பிடிகளின் ரப்பரும் விரல் படுமிடத்தில் தேய்ந்திருந்தது. உட்கார்ந்த இடமும் பிடித்த இடமும் தேய்ந்திருக்கின்றன, சுழல வேண்டியது எதுவும் தேயவில்லை. ஹேண்டில்பாரின் ஒரு நுனியில் நீலப் பெயின்ட் அப்பியிருந்தது. சைக்கிள் இத்தனை நாள் இருந்த மாடி அறைச் சுவரின் நீலம்.

சுவரில் சாய்த்து வைத்து, ஏறி உட்கார்ந்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, வருஷக்கணக்காக அவர் எங்கும் போகாமல் ரேஸ் ஓட்டியிருக்கிறார்.

அவள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

4

எனக்கு அவர்மேல் பாசம் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு இது நல்லதில்லை. ஏன் ஓட்டவில்லை என்று மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். ரேஸ் குழுவில் சேர்க்கவில்லை. ஒரு விபத்தைப் பார்த்து மிரண்டுவிட்டார். கீறல் விழுந்துவிடுமே என்று மனசு வரவில்லை. மூன்றிலும் அவர் வாயே திறக்கவில்லை. என் கதையில் இருந்துகொண்டு என்னிடமே இப்படி நடந்துகொள்கிறார்.

மருமகளின் சங்கடம் வேறு. 'புழங்காதது' என்று எழுதினால், அதை இணையத்தில் ஏற்றப்போகிற புருஷன் படிப்பான், மாமனாரின் மானம் போய்விடும். 'ரேஸில் ஓடியது' என்று எழுதினால் அவள் சொல்லுக்கு இருந்த மரியாதை போய்விடும். 'நிலை: அன்போடு வைத்திருந்தது' என்று நானே ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

"இது நிலை இல்லீங்க, மழுப்பல்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

5

முடிவு அ: அவள் உண்மையைச் சொல்கிறாள். மகன் அடுத்த பெட்டிக்கு டேப் ஒட்டுகிறான். எழுதி முடித்தபோது எனக்கே தாங்கவில்லை. கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: மகனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும், கதவிடுக்கில் பார்த்திருக்கிறான். அப்பாவைக் கட்டிக்கொள்கிறான். என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். "படிச்சா நல்லாத் தூக்கம் வரும்" என்றாள். அதுவும் போயிற்று.

முடிவு இ: அன்று மாலை வாங்க வந்த சேகரிப்பாளர் சீட்டை உற்றுப் பார்த்துவிட்டு, மெல்லக் கண்ணாடியைக் கழற்றி

6

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை, ஏனென்றால் கூடத்தில் சைக்கிள் இல்லை. நான் இ-யில் மும்முரமாக இருந்த நேரம் பார்த்து மாமனார் அதைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் எழுதவில்லை, சத்தியமாக.

மருமகள் வாசலுக்கு ஓடிவந்தபோது அவர் ஏறிவிட்டிருந்தார். முன்சக்கரம் இடமும் வலமும் தடுமாறியது. ஒரு கால் மிதிகட்டையில், இன்னொன்று அதைத் தேடிக்கொண்டிருந்தது. நிறுத்தியிருந்த கார் ஒன்றை அவர் மயிரிழையில் தாண்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் விலை இறங்குகிறது என்பது அவளுக்குத் தெரியும். அவர் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.

மகனும் டேப்போடு வெளியே வந்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, இத்தனை வருஷம் கழிச்சும் மறக்கல பாரு. கொஞ்சம் ஆடுது. வயசாயிடுச்சில்ல?"

அவர் தெருமுனை திரும்பி மறைந்தார். கட்டையும் சக்கரமும் முதன்முதலாக உரசிய பிரேக் கிறீச்சிட்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. சற்று நேரத்தில் திரும்பி வந்தார், சட்டையெல்லாம் வேர்வை. மகனிடம் போகவில்லை. மருமகள் முன்னால் வந்து காலை ஊன்றி நின்றார்.

"உனக்குச் சங்கடம் வேண்டாம்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "இப்ப இது ஓடின வண்டிதானே?"

அவள் குனிந்து பிரேக் கட்டையைப் பார்த்தாள். அந்த வார்ப்பு வரி பாதி அழிந்திருந்தது, பாதி இருந்தது. மகன் போனைத் திறந்துகொண்டு வந்து நின்றான். "என்ன நிலைன்னு சொல்லு, போட்டுடறேன்."

ஒரு தெரு சுற்றினால் ஓடின வண்டி ஆகுமா? எனக்குத் தெரியவில்லை. அவள் வாயில் எந்த வார்த்தையை வைத்தாலும் அது என் வார்த்தையாகத்தான் இருக்கும், அவள் ஏற்றுக்கொள்ள மாட்டாள். அதனால் இந்த 'நிலை' வரியை உங்களிடம் விடுகிறேன். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.