அண்ணன் பறந்துவிடக் கூடாது

ஓய்வுநாள் பள்ளியில் பைபிள் வசனம் தப்பில்லாமல் ஒப்பித்ததற்காகப் பேபிக்குக் கிடைத்த பரிசு அந்தப் படப்புத்தகம். முதல் பக்கத்தில் எருக்கிலையைத் தின்கிற வரிப்புழு. அடுத்ததில் அது தலைகீழாகத் தொங்கி, கூட்டுக்குள் ஒடுங்கிவிடும். பிறகு கூடு வெடிக்கும், சிறகு விரியும். கடைசிப் பக்கத்தில் வெறுங்கூடும் வானமும்தான்.

ஆறு வயதுக்காரிக்கு அதைப் படித்துக் காட்டியவன் அண்ணன் தனசிங். சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஒரு மதிலேறி விழுந்து, பாதத்திலிருந்து தொடை வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். கால் சும்மா கிடந்தால் வாயும் சும்மா கிடக்குமா?

"எனக்கும் கூடு கட்டிட்டாங்க பாத்தியா? உள்ள மாறிட்டிருக்கேன். உடைச்சதும் ஒரே பறப்புதான்."

"எங்க?"

"மொதல்ல வண்டலூர் ஜூ. அப்புறம் எங்கன்னு சொல்ல மாட்டேன்."

"திரும்பி வருவியா?"

"உன் புக்குல அந்தப் பூச்சி திரும்பி வந்துச்சா?"

சொன்னவன் மறந்துபோனான். கேட்டவளுக்கு மறக்கவில்லை. கடைசிப் பக்கத்தையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கட்டுக்குள்ளே அரிக்கிறது என்று அவன் சொன்னாலே, றெக்கை முளைக்கிறதோ என்று கட்டைத் தடவிப் பார்ப்பாள். புழு தின்று தின்றுதானே மாறியது என்று, அவன் தட்டிலிருந்த இட்லியை எடுத்துத் தான் விழுங்கினாள். "அடிபட்ட பிள்ளை சோத்தையா பிடுங்குறே, தின்னிப் பண்டாரம்" என்று அம்மா திட்டினாள். பேபி திட்டை வாங்கிக்கொண்டாள். ஜெபத்தின்போது மட்டும், "இயேசப்பா, அண்ணனுக்கு றெக்கை வேண்டாம்" என்று வாய்க்குள் சேர்த்துக்கொண்டாள்.

கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு அழுது அடம்பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனாள். அந்த அறையில் ஜன்னலெல்லாம் விரியத் திறந்திருந்தன. கட்டுப் பிரிக்கும் வேதாசலம் பெரிய கத்தரியோடு வந்தார்.

"ஜன்னலை மூடுங்க" என்றாள் பேபி.

"பேசாம இருடி. இந்த வெயில்ல மூடணுமாம்" என்றாள் அம்மா.

வேதாசலம் குனிந்தார். "இன்னா பாப்பா, இன்னா பயம் ஒனக்கு?"

அவர் காதோடு சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும், வெளியே விடவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக் கொக்கி மாட்டினார். கதவையும் சாத்தினார். "நீ அவன் கையை உடாத புடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, முதுகில் சட்டை ஒட்ட ஒட்ட வேலையைத் தொடங்கினார். ஒரு குழந்தையின் பயத்துக்கு மரியாதை கொடுப்பதும் வைத்தியம்தான்.

கட்டு பிளந்தது. பேபி அண்ணன் கையை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். சிறகடிக்கும் சத்தம் எதுவும் வரவில்லை. மெல்லப் பார்த்தாள். தோல் உரிந்து, வெளுத்து, முருங்கைக்காயாக இளைத்த ஒரு கால் கிடந்தது. தனசிங் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இது என் காலே இல்ல. இனிமே நடக்க மாட்டேனா?"

"எலும்பு சேந்துட்டுது, டாக்டர் ஊணலாம்னுட்டாரு. போகப் போக சதை புடிச்சுக்கும். எறங்கு கண்ணு" என்று அவனைக் கைத்தாங்கலாக இறக்கினார் வேதாசலம்.

தரையில் பாதம் பட்டதும் அவன் காலை ஊன்றாமல் தூக்கிக்கொண்டான். பேபி போய் அவன் அக்குளுக்கடியில் நின்றாள்.

"என்னைப் புடிச்சுக்கோ."

"நீ விழுந்துடுவே."

"மாட்டேன்."

அவன் சாய்ந்தான். அத்தனை பாரமும் அந்தச் சின்னத் தோளில் இறங்கியது.

"வலிக்குதா?"

"இல்ல" என்றாள். அந்தப் பொய்யை ஆண்டவர் மன்னித்திருப்பார். "இன்னும் நல்லா அழுத்து."