சேவுகம்பட்டியில் தளம் போட்ட நாள்

கீழ்த்திசையில் சிறுமலையின் முகடுகள் பொன்முலாம் பூண, மேற்கே நெடிதுயர்ந்த மலைத்தொடரோ தன் முகிற்போர்வையை விலக்க மனமின்றித் துயில்வதுபோற் கிடக்க, இரண்டிற்கும் இடையே விரிந்த சமவெளியில் மல்லிகைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் வெங்காயப் பாத்திகளும் ஐப்பசிப் பனியில் நனைந்து மின்னிய வைகறை அது. சேவுகம்பட்டியின் புறத்தே, உழவர் பலர் ஒன்றுகூடித் தம் விளைபொருளை அழுகாது காக்கவென எழுப்பிவந்த சேமிப்புக் கூடம், முடிசூடக் காத்திருக்கும் இளவரசனைப்போலக் கூரையை எதிர்நோக்கி நின்றது.

அப்பணியனைத்தையும் பொறுப்பேற்று நடத்தியவள் தஹ்சீன். திண்டுக்கல்லில் தோல் வணிகம் செய்யும் குடும்பத்திற் பிறந்து, கட்டடப் பொறியியல் கற்றுத் தேர்ந்தவள். மணலும் சல்லியும் சிமிட்டியும் குறித்த வேளையில் வந்து சேரச் செய்வதில் எத்துணைக் கூர்மையுடையவளோ, அத்துணைக் கூர்மையுடன் மாந்தரையும் அறிந்திருந்தாள். எவரை எவர் அருகே நிறுத்தினால் வேலை பாட்டுப்போல் ஓடும், எவ்விருவர் அருகருகே நின்றால் வாய்ச்சண்டை மூளும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கைப்பேசியைப் பார்த்தவாறே சாரத்தில் நடந்த ஒருவன் கால் இடறியதுமுதல், எல்லாருடைய கைப்பேசிகளையும் காலையிலேயே வாங்கி ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டிவிடுவதும் அவள் வழக்கம்.

கூரைத்தளம் போடுதல், அன்பரே, இடையில் நிறுத்தவியலாத வேள்வி. காலையிற் கொட்டத் தொடங்கிய கலவை, மாலைக்குள் ஒரே பரப்பாக நிறைந்தாகவேண்டும். பாதியில் நின்றால், காய்ந்த பகுதியும் ஈரப்பகுதியும் ஒட்டாது வடுவாகி, மழைதோறும் நீர் கசிந்து உள்ளிருக்கும் வெங்காயத்தை அழுகச் செய்யும். ஆதலின் கலவைப்பொறியருகே தொடங்கிக் கூரை உச்சிவரை ஆண்களும் பெண்களும் சங்கிலிபோல் நின்று, சாந்துச்சட்டிகளைக் கைமாற்றி ஏற்றினர். கீழே அச்சங்கிலிக்குத் தலையாக நின்றவள் சிவனம்மாள். மேலே கலவையைப் பரப்பிச் சமன்செய்தவர் தலைமைக் கொத்தனார் சடையாண்டி.

நண்பகல் கடந்து தளம் பாதியளவு நிறைந்திருந்தபோது, பூட்டிய பெட்டிக்குள் ஒரு கைப்பேசி ஓயாது ஒலித்தது. தஹ்சீன் திறந்து பார்த்தாள், சிவனம்மாளுடையது. மறுமுனையில் பேசியவர் அவள் மருமகன். நிறைசூலியான மகள் அன்புமணிக்கு நாள் முந்தி வலி கண்டுவிட்டதென்றும், வத்தலக்குண்டு மருத்துவமனையில் அறுவை செய்தாக வேண்டுமென்கிறார்கள் என்றும், அவள் தாயைக் கேட்டு அழுகிறாள் என்றும் அவர் கூறினார். தஹ்சீன் நிமிர்ந்தாள். சிவனம்மாள் விலகினால் சங்கிலி குலையும். சங்கிலி குலைந்தால் தளம் பாழ். மாலையிற் சொன்னாலென்ன என்று ஒரு குரல் உள்ளே எழ, பொறி சிலமுறை சுழலும்வரை அவள் வாய்திறவாது நின்றாள். பின்பு தன்மேலேயே வெட்கம் கொண்டவளாய் நேரே சென்று சிவனம்மாளின் கையைப் பற்றினாள்.

“அக்கா, அன்புமணிக்கு வலி வந்துருச்சாம். ஆபரேசன் பண்ணணுங்கிறாங்க. உங்களத்தான் தேடுறாளாம். போன் வந்து செத்த நேரமாச்சு, சொல்லாம நின்னுட்டேன்.”

சிவனம்மாள் அவளை உற்றுநோக்கினாள். “இப்பவாச்சும் சொன்னியே தாயி” என்றாள். அச்சொல்லிற் சினமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

அழைத்துச்செல்வது யார்? தஹ்சீன் ஒவ்வொரு முகமாக நோக்கினாள். பொறியை இயக்குபவனை எடுத்தால் கலவை நிற்கும். கொத்தனாரை எடுத்தால் தளம் நிற்கும். சட்டி ஏந்தும் எந்தக் கையை எடுத்தாலும் ஓட்டம் தடைப்படும். அத்துணைப் பேரிலும், விலகினாற் சங்கிலி அறுந்துபடாத ஒரே ஒருத்தி தானே என்பது அவளுக்கு அப்போதுதான் புலனாயிற்று. திடுக்கிட்டாள், மறுகணமே தன் வண்டியை எடுத்தாள்.

குடைநிழலில் நின்று வேடிக்கை பார்த்திருந்த உழவர் கூட்டத் தலைவர் பெருமாள்சாமியிடம் சிவனம்மாள் சென்று, தன் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து நீட்டி, “என் எடத்துல நீங்க நில்லுங்கண்ணே” என்றாள். அவர் குடையை மடக்கி, வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டினார்.

மல்லிகை மணக்கும் சாலையில் வண்டி விரைந்தது. பின்னிருந்து தோளைப் பற்றியிருந்தாள் சிவனம்மாள். பாதி வழியில், “தெக்கு மூலையில கம்பி நெருக்கமா இருக்கு தாயி, கலவை எறங்காது, அங்க நல்லாக் குத்தி விடச் சொல்லியிருக்கணும்” என்றாள். தளத்தை மறந்து அன்புமணியையே நினைந்திருந்த தஹ்சீனின் கண்கள் கலங்கின.

மருத்துவமனையில் தாயின் முகங்கண்ட பின்னரே அன்புமணி அறுவைக்கு இசைந்தாள். காத்திருந்த பொழுதில் கூடத்திற்குப் பேச எண்ணிய தஹ்சீன், கைப்பேசிகளனைத்தும் பெட்டிக்குள் இருப்பதையும் திறவுகோல் தன் இடுப்பிலேயே இருப்பதையும் உணர்ந்து, செய்வதறியாது அமர்ந்திருந்தாள். வெயில் சாயும் வேளையில் பெண்மகவு பிறந்தது, தாயும் நலம்.

அவள் திரும்பியபோது மேற்குமலை செவ்வானத்திற் கருநிழலாய் நின்றது. ஓய்ந்த பொறியருகே அமர்ந்திருந்தவர்கள் அனைவரும் ஒருங்கெழுந்தனர். தளத்தைப்பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. “புள்ள எப்படிம்மா?” என்றார் சடையாண்டி. பெண் என்றும், இருவரும் நலமென்றும் கேட்டபின்பே அவர்கள் முகம் மலர்ந்து வழிவிட்டனர்.

ஏணியேறிச் சென்று பார்த்தாள். கூரை முழுதும் ஒரே ஈரப்பரப்பாய், காற்றில்லாக் குளம்போற் படர்ந்திருந்தது. தெற்கு மூலையைக் குனிந்து நோக்கினாள், குறையொன்றுமில்லை. ஒழுங்கு சற்றே பிசகி, சிமிட்டி நான்கைந்து மூட்டை மிகுதியாகச் செலவாகியிருந்தது; பெருமாள்சாமியின் வேட்டி சாம்பல் நிறமாகியிருந்தது. எப்படி முடித்தீர்கள் என்று அவள் வினவ, சடையாண்டி சற்றே நாணி, “நீங்க தெனமும் சொல்றதையெல்லாம் இன்னைக்கு நாங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம்மா” என்றார்.

மணல் எடுக்க எடுக்கக் குறையும். சல்லியும் சிமிட்டியும் அவ்வாறே. மாந்தரிடம் வைத்த அன்போ, வைத்தவர் அருகில் இல்லாத பொழுதும் அம்மாந்தர்தம் கைகளில் நின்று வேலை செய்யும். அதனை அறிந்தவளாய்த் தஹ்சீன், ஈரம் உலராத அக்கூரையின் ஓரத்தில், அவர்களோடு ஒருத்தியாய் அமர்ந்து, ஆறிப்போன தேநீரைப் பருகினாள்.