சின்னவர் பேசாத வசனம்

பெரியவர் நடித்த முதல் வேஷம் பிணம். ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தார். பத்தொன்பது வயது. மேடை நடுவே வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு இருபது நிமிஷம் மூச்சுக் காட்டாமல் கிடக்க வேண்டும். மூன்றாம் நாளே தும்மிவிட்டார். பிணம் தும்மினால் ஜனம் சும்மா இருக்குமா? கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. அதில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவருடைய கூடப்பிறந்த தம்பிதான்.

தம்பி நான்கு வயது இளையவர். முதுகுப்பக்கமாகப் பார்த்தால் பெற்றவளே பெயரை மாற்றிக் கூப்பிடுவாள். குரலும் அச்சு அசல் ஒன்று. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அண்ணனுக்கு உயரம் என்றால் உதறல். மாடி சன்னல் பக்கம்கூட நிற்க மாட்டார். தம்பிக்கோ பயம் என்பது எந்தக் கடையில் விற்கும் என்று தெரியாது.

சினிமாவுக்கு அண்ணன் போனபோது தம்பியும் பின்னாலேயே போனார். கூரையிலிருந்து குதிப்பது, ஓடும் லாரியில் தொற்றுவது, தீக்குள் புகுந்து வருவது எல்லாம் தம்பி. திரும்பிப் பார்த்து வசனம் பேசுவது அண்ணன். போஸ்டரில் கொட்டை எழுத்தில் 'டூப் கிடையாது' என்று போட்டார்கள். தளத்தில் இருந்தவர்கள் ஒருவரைப் பெரியவர் என்றும் மற்றவரைச் சின்னவர் என்றும் கூப்பிட்டார்கள். வெளியே சின்னவர் என்று ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. சின்னவருக்கு அதில் வருத்தமும் இல்லை. தியேட்டரில் பின்வரிசையில் உட்கார்ந்து, தன் குதிப்புக்கு விழும் கைத்தட்டலைக் காது குளிரக் கேட்டுவிட்டு வருவார்.

பெரியவருடைய திறமை பொய்யில்லை. ஒரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதை ஏழு விதமாகச் செய்து காட்டுவார். ஏழு பேர் வந்தது போலிருக்கும். முப்பத்தைந்து வயதில் தானே இயக்கத் தொடங்கினார். முதல் இரண்டு படமும் வெள்ளிவிழா. மூன்றாவது படத்தில்தான் கல்குவாரிக் காட்சி வந்தது.

நாற்பதடி உயரப் பாறை விளிம்பிலிருந்து குதிக்க வேண்டும். கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை போட்டிருந்தார்கள். முதல் தடவையே சின்னவர் பிசகில்லாமல் குதித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவர் மட்டும் கேமரா பக்கத்தில் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"நிழல் விழுந்துடுச்சுடா. இன்னொரு தடவை எடுத்துடலாம்."

"பெட்டி எல்லாம் நசுங்கிப்போச்சு, மாத்தி அடுக்கணும்" என்றார் சண்டைப் பயிற்சியாளர். "ஒரு மணி நேரம் ஆகும்."

"ஒரு மணி நேரத்துல வெயில் போயிடும். பாதிய மாத்துங்க, போதும். டேய், நீ என்ன சொல்றே?"

சின்னவர் அண்ணன் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னா சரி" என்றார்.

அதுதான் அவர் சொந்தக் காலில் ஏறிய கடைசி மேடு. விழுந்த இடத்தில் முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவே இல்லை. பத்திரிகைக்கு எதுவும் போகவில்லை; கேட்ட இரண்டொருவரிடம் சாலை விபத்து என்று சொன்னார்கள். படத்தில் அந்த இரண்டாவது தடவையையே வைத்தார் பெரியவர். கால் விளிம்பை விடும் கணம் வரைக்கும் வெட்டாமல் இருந்தது. விளம்பரத்தில் வந்ததும் அதுதான். அந்தப் படம்தான் அவரை யாரும் எட்ட முடியாத உயரத்தில் உட்கார வைத்தது.

அதற்காகத் தம்பியை மூலையில் தள்ளினார் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதல் ஒரு வருஷம் தம்பியைக் குளிப்பாட்டித் துடைத்தது அவர் கைதான். வீடு முழுக்கப் படிகளை இடித்துச் சரிவுப் பாதை போட்டார். எவ்வளவு களைத்து வந்தாலும் அன்றைய படப்பிடிப்பை ஒரு காட்சி விடாமல் நடித்துக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஆனால் கல்குவாரியைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறந்ததில்லை. அன்று உடையலங்காரம் பார்த்துக்கொண்டு, துண்டோடு கீழே நின்றிருந்த பெரியவரின் மனைவி, சின்னவருக்கு அண்ணி, அவரும் திறந்ததில்லை. இருபத்தெட்டு வருஷம் அப்படியே ஓடியது.

அறுபத்தாறு வயதில் பெரியவர் தான் இயக்கும் பதினோராவது படத்தை அறிவித்தார். அண்ணியின் பெயரில் தயாரிப்பு. ஒரு மாலை தம்பியின் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நம்ம கதைதான்டா. ரெண்டு பேரையும் பத்தி. நான் உன் வேஷம் போடறேன்."

"அப்ப உன் வேஷம்?"

"எவனாவது போடட்டும். கிடைக்கிறதா கஷ்டம்?" என்று சிரித்தார் பெரியவர்.

சின்னவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருஷம் கழித்து! சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு எப்படி மாறுவது, செத்த காலை எப்படிக் கையால் தூக்கி வைப்பது, கோபம் வந்தால் எதைப் பிடித்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். தன்னையே எதிரில் பார்ப்பது போலிருந்தது.

திரைக்கதையை மட்டும் கேட்டபோதெல்லாம், "படமா பாரு" என்று தட்டிக் கழித்தார்.

படப்பிடிப்பு முடிந்த ஒன்பதாம் நாள், பல் துலக்கிக்கொண்டிருந்த பெரியவர் அப்படியே சரிந்தார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தெரு கொள்ளாத கூட்டம். டி.வி.யில் நாள் முழுக்கக் கல்குவாரிக் குதிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சின்னவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுகை வரவில்லை. பதினைந்தாவது முறையாக அந்தக் கால் விளிம்பை விட்டபோது எழுந்து போய் நிறுத்த வேண்டும் போலிருந்தது. ரிமோட் எட்டவில்லை.

படத்துக்கு டப்பிங் பாக்கி இருந்தது. ஜெனரேட்டர் இரைச்சலில் படப்பிடிப்பில் பதிவான ஒலி உதவாது. "போன்ல நீங்க பேசினா எனக்கே அவர்னு தோணும்" என்றார் அண்ணி. "நீங்கதான் பேசணும், தம்பி."

பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர்; இந்தப் பக்கம் சக்கர நாற்காலியும் மைக்கும். ஹெட்ஃபோனில் அண்ணனின் குரல் இரைச்சலோடு ஓடும். திரையில் அவர் உதடு அசையும். இவர் அதன்மேல் தன் குரலை வைப்பார். இரண்டு நாள் தடங்கலில்லாமல் போயிற்று. மூன்றாம் நாள் காலை கடைசி ரீல்.

மழை பெய்யும் சன்னலோரம். சக்கர நாற்காலியில் பெரியவர். எதிரே அண்ணனாக நடிப்பவர் தலைகுனிந்து நிற்கிறார். பெரியவரின் முகம் திரை நிறைய வருகிறது. கண்ணில் நீர். ஹெட்ஃபோனில் குரல்:

"நீ போதும்னுதான் சொன்னே அண்ணா. நான்தான் இன்னொரு தடவைன்னு அடம் பிடிச்சேன்."

சின்னவர் வாயைத் திறக்கவில்லை.

"சார், கேக்குதா? இன்னொரு தடவை போடவா?" என்றார் இன்ஜினியர்.

"போடுங்க."

போட்டார். மறுபடி போட்டார். ஐந்தாவது தடவை சின்னவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தார். பிடிப்பதற்கு எதையோ தேடிய கை, நாற்காலிச் சக்கரத்தை இறுகப் பிடித்தது. திரையிலும் பெரியவரின் கை அதேபோலச் சக்கரத்தைப் பிடித்திருந்தது. அதையும் சின்னவர்தானே சொல்லிக் கொடுத்தார்!

"அண்ணியை வரச் சொல்லுங்க" என்றார். "கொஞ்ச நேரம் நீங்க வெளியே இருங்க" என்று இன்ஜினியரையும் அனுப்பினார்.

அண்ணி வந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"அன்னிக்கு நீங்க கீழதானே நின்னீங்க? இன்னொரு தடவைன்னு யாரு சொன்னது?"

அண்ணி திரையைப் பார்த்தார். அதில் கணவரின் முகம் உறைந்து நின்றது. "அவர்தான்" என்றார்.

"அப்புறம் இது என்ன?"

"பொய்னு நினைச்சு எழுதலை, தம்பி. எழுதும்போது பக்கத்துலதான் இருந்தேன். தேம்பித் தேம்பி அழுதுட்டே எழுதினாரு. அப்படித்தான் நடந்துச்சுன்னு அவரே நம்ப ஆரம்பிச்சுட்டாரு. நம்பலைன்னா இத்தனை வருஷம் எப்படித் தூங்கியிருப்பாரு?"

"நீங்க சொல்லலையா அவர்கிட்ட?"

"சொல்லலை." அண்ணி திரையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். "அதைச் சொல்லிட்டு நான் எப்படி அவருக்குப் பொண்டாட்டியா இருக்கிறது?"

சின்னவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "என் காலை எடுத்தான். சரி. திருப்பிக் கேட்டேனா? கேட்டாத்தான் வந்துடப் போகுதா? இப்ப என் வாயையும் எடுத்துட்டுப் போறானே அண்ணி. அதுவும் செத்தப்புறம்."

"வேற வார்த்தை வச்சுப் பேசுங்க. நிஜத்தையே பேசுங்க. நான் தடுக்க மாட்டேன்."

இன்ஜினியரைத் திரும்பக் கூப்பிட்டு முயன்றும் பார்த்தார். 'நீதான் இன்னொரு தடவைன்னு சொன்னே அண்ணா. நான் மாட்டேன்னு சொல்லலை' என்று ஒரு தடவை சொன்னார். உதட்டசைவுக்குப் பொருந்தியது. ஆனால் கண்ணீரோடு மன்னிப்பு வழங்கும் அந்த முகத்தோடு அந்த வார்த்தை ஒட்டவில்லை. செத்தவனை நிற்க வைத்து அடிப்பது போலிருந்தது. அழித்துவிடச் சொன்னார்.

"இந்த இடத்துல மழையை ஏத்துங்க" என்றார் இன்ஜினியரிடம்.

"வசனம் கேக்காதே சார்."

"கேக்க வேண்டாம்."

"படத்துக்கே உயிர் இந்த வசனம்தான்னு பெரியவர் சொன்னாரு சார்."

"அவர் சொன்னாரு. நான் சொல்லலை."

படம் வெளிவந்தது. பெரியவரின் உதடு அசைகிறது; மழை மட்டும் கேட்கிறது. தியேட்டர் ஓரத்தில் நாற்காலியை நிறுத்தியிருந்த சின்னவரைச் சுற்றி ஆட்கள் விசும்பினார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையும் அந்த மௌனத்தைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடின. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட துணிச்சல் வேறு எந்த இயக்குநருக்கும் வராதாம். அந்த வருஷம் சிறந்த இயக்குநருக்கான விருதும் பெரியவருக்கே போனது.

விருதை வாங்கிக்கொள்ள அண்ணியும் சின்னவரும் போனார்கள். வெளியே வரும்போது ஒரு நிருபர் ஓடிவந்து மைக்கை நீட்டினார்.

"சார், அந்த மழைக் காட்சியில என்ன வசனம் சார் அது? நீங்கதானே குரல் கொடுத்தீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த அண்ணியின் கை நின்றது.

"டைரக்டரைத்தான் கேக்கணும்" என்றார் சின்னவர். "அண்ணி, போலாம். வெயில் ஏறுது."