இசைத்தட்டின் அடிப்பக்கம்

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். வெர்லீன் சொல்லிக் கேட்டது பாதி, கார்லிஸ் சொல்லிக் கேட்டது மீதி. இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் நான் வெர்லீன் பக்கம் சாய்ந்திருக்கிறேன்.

அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரின் வடக்கே ஒரு செங்கல் வீட்டில் வெர்லீனும் அவள் அப்பா ஓசெல் க்ரட்சரும் இருந்தார்கள். வெர்லீனுக்கு அறுபது வயது. அம்மா லுவீனியா இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது நிறையவில்லை. லுவீனியா பாடகி. ஜாஸும் ப்ளூஸும் கலந்து, உட்கார்ந்திருப்பவனை எழுப்பி ஆடவைக்கிற தாளத்தில் பாடுவாள் என்று தெருவில் மூத்தவர்கள் சொல்வார்கள். சொல்வார்களே தவிர, எப்படி என்று பாடிக்காட்ட ஒருவராலும் முடியாது. பாத்திரம் கழுவும் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே மிதந்து வரும் ஒரு பெண் குரல் மட்டும் வெர்லீனின் நினைவில் இருந்தது. அதுவும் அம்மாவா, அத்தையா, ரேடியோவா என்று தெரியாது. சாவதற்குள் அம்மாவின் குரலை ஒருமுறை கேட்டுவிட வேண்டும், கேட்டு, அதுதான் இது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அவளுக்கு வேறு பெரிய ஆசை கிடையாது.

லுவீனியாவின் பாட்டு பதிவானது ஒரே ஒருநாள். கம்பெனி அதை வெளியிடவில்லை. சோதனைக்காக வெட்டிய ஒற்றைத் தட்டு மட்டும் ஓசெலின் கைக்கு வந்தது. அலுமினியத்தின் மேல் மென்மையான கறுப்புப் பூச்சு. சில தடவை கேட்டாலே தேய்ந்துவிடும். ஓசெலுக்கு இது தெரியாமல் இல்லை. மதுக்கடைகளில், காசு போட்டுப் பித்தானை அழுத்தினால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளுக்குத் தட்டு மாற்றிக்கொடுப்பதுதான் அவர் வேலை. ஆனாலும் அவள் பாடுவதை ஊர் கேட்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. மிஸ் எர்மாவின் மதுக்கடைப் பெட்டியில் அந்தத் தட்டையே போட்டார். பித்தானுக்குப் பக்கத்தில் அவள் பெயரைத் தன் கையால் எழுதி ஒட்டினார். ஊர் கேட்டது. மீன் வறுக்கிற வெள்ளிக்கிழமைகளில் திரும்பத் திரும்பக் கேட்டது. கேட்ட ஒவ்வொரு தடவையும் பெட்டியின் கனத்த ஊசி அவளைக் கொஞ்சம் சுரண்டி எடுத்தது. கோடை முடிவதற்குள் தட்டிலிருந்து குரல் போய்விட்டது. அந்தக் குளிர்காலத்தில் நிமோனியாவில் அவளும் போனாள்.

மிஞ்சியது கரகரப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், ஓசெல் அந்தத் தட்டைச் சுழலவிட்டு உட்காருவார். வெர்லீனின் காதில் தகரத்தின் மேல் மணல் கொட்டுவது போல விழும். அப்பாவின் விரல் நாற்காலிக் கையில் தாளம் போடும். ஓரிடத்தில் நிற்கும், காத்திருக்கும், மறுபடி தொடங்கும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெர்லீன் சமையலறை வாசலில் நிற்பாள். உலகத்தில் அவள் பொறாமைப்பட்டது அந்த ஒரு மனிதரைப் பார்த்துத்தான்.

பழைய பதிவுகளைச் சுத்தம் செய்து மீட்பதைத் தொழிலாக வைத்திருந்த கார்லிஸை அவள்தான் வீட்டுக்கு அழைத்தாள். அவர்கள் போகும் சர்ச்சில் பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் டீக்கனின் மகன். தன் கருவிகளை மேசையில் பரப்பி, தட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்தான்.

"மிஸ்டர் க்ரட்சர், இதுல ஏர் ஓட்டியிருக்கீங்க. விதைதான் போடல."

"ஓட்டினதுல உங்கப்பனும் ஒருத்தன்டா. டீக்கன் ஆகறதுக்கு முன்னாடி, இந்தப் பாட்டுக்குக் காசு போட்டுட்டு மேசை மேல ஏறி ஆடினவன்."

"எங்கம்மா காதுல போட்டுடாதீங்க."

கார்லிஸ் தட்டைத் திருப்பினான். அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. பஞ்சை நனைத்து ஓரத்தில் துடைத்தான். கை நின்றது.

"இங்கயும் வெட்டியிருக்காங்க."

"அடிப்பக்கத்துல ஒண்ணும் கிடையாது," என்றார் ஓசெல். அவருடைய பெட்டிகள் தட்டின் மேல்பக்கத்தை மட்டுமே பாடவைக்கிறவை. வாழ்நாள் முழுக்க அடிப்பக்கம் என்பது அவருக்கு மேசையின் அடிப்பக்கம் மாதிரிதான். "அவ அன்னிக்கு ஒரே பாட்டுதான் பாடினா. நான் அங்கயேதான் இருந்தேன்."

"உள்ளயே இருந்தியாப்பா?"

"பாட்டு முடிஞ்சதும் வெளிய வந்தேன். வாசல்ல பசங்க நின்னுட்டிருந்தாங்க. என் பொண்டாட்டி பாடறா, அவனுங்ககிட்ட பெருமையடிச்சுக்க வேணாமா?"

பூச்சு வெடித்திருக்கிறது, ஊசி பட்டால் உரிந்துவரும் என்று கார்லிஸ் சொன்னான். "ஒரு தடவை வைக்கலாம், மிஸ் வெர்லீன். அப்பவே பதிவு பண்ணி ஒரு காப்பி எடுத்துடறேன். ரெண்டாவது தடவைக்கு நான் பொறுப்பில்ல."

வெர்லீன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார்.

"வை," என்றாள்.

முதலில் பியானோ. பிறகு ஒரு பெண். தடித்த குரல், தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே நடந்து வந்தது, அவசரமே இல்லாமல். வராத டிராமுக்காக மழையில் காத்து நிற்பவளைப் பற்றிய பாட்டு. வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்ட குரலை இதன் மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ அசைய வேண்டும் என்று காத்திருந்தாள். அசையவில்லை.

"அப்பா?"

ஓசெலின் விரல் நாற்காலிக் கையில் சும்மா கிடந்தது.

"அவ இல்ல."

"நல்லாக் கேளுப்பா."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன். யாரோ ஒரு பொண்ணு. நல்லாத்தான் பாடறா. உங்கம்மா வீனி குரல் இவ்வளவு தடிப்பா இருக்காது, கண்ணு. எனக்குத் தெரியாதா?"

ஒரே தட்டில் இரண்டு பேருக்கு வெட்டுவதும் உண்டு என்று கார்லிஸ் மெதுவாகச் சொன்னான். லுவீனியாவோடு வாழ்ந்து அவள் குரலை அறிந்தவர் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான். அவரே இல்லை என்றபின் கேட்க யார் இருக்கிறார்கள்?

பாட்டு முடிந்தது. ஊசி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி நகரும் சத்தம். தூரத்தில் ஆண்கள் சிரிப்பது. பிறகு அதே குரல், பாட்டு இல்லாமல்:

"ஓசெல்! அந்தக் கதவைச் சாத்தறியா இல்லியா? கொழந்தை மேல காத்தடிக்குது."

ஓசெல் நாற்காலிக் கைகளை ஊன்றி எழுந்துவிட்டார்.

"சாத்திட்டேன், வீனி," என்றார். "சாத்தித்தான் இருக்கு."

ஊசிக்கு முன்னால் கறுப்புப் பூச்சு சுருண்டு எழுந்தது. கார்லிஸ் பதறி ஊசியைத் தூக்கினான். ஓசெல் பாதி எழுந்தபடியே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்புறம் என்ன சொன்னா?"

"அவ்வளவுதான், மிஸ்டர் க்ரட்சர்."

"இருக்காது. இன்னும் திட்டியிருப்பா. இதோட விடமாட்டா."

வெர்லீன் அழுதுகொண்டிருந்தாள். அந்தக் குழந்தை அவள்தான். அம்மா பாடிய அறையில் அவளும் இருந்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றாமல், ஓசெல் தட்டின் மேல்பக்கத்தைச் சுழலவிட்டார். வெர்லீன் வாசலில் நின்றாள். விரல் தாளத்துக்கு எழுந்தது, நின்றது. அப்படியே நின்றது. அவர் குனிந்து காதைத் தட்டருகே கொண்டுபோனார். ஊசியைத் தூக்கித் துடைத்து மறுபடி வைத்தார்.

"கரகரன்னுதான் கேக்குது," என்றார். "வேற ஒண்ணும் கேக்கல, வெர்லீன்."

"கார்லிஸ் எடுத்த காப்பியைப் போடட்டுமாப்பா? அதுல அம்மா இருக்கா."

"அதுல இருக்கறவ அவதான். தெரியுது." அவர் கோட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "நான் இத்தனை நாளா கேட்டுட்டிருந்தது யாருன்னுதான் தெரியல."

அதன்பிறகு அவர் தட்டைத் தொடவில்லை.

ஓசெல் மறுவருடம் வசந்தம் வருவதற்குள் இறந்துபோனார். சவ அடக்கத்தில் பாதிரியார் ஒத்துக்கொண்டதால் டிராம் பாட்டைப் போட்டார்கள், டீக்கன் அழுதார். கார்லிஸ் அதை மறக்கப்பட்ட பாடகிகளின் தொகுப்பு ஒன்றில் சேர்த்தான். சிலர் கேட்டார்கள். அவன் இப்போது சிகாகோவில் இருக்கிறான். மிஸ் எர்மாவின் கடை இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. தட்டின் அடிப்பக்கம் முழுவதும் உரிந்து வெறும் அலுமினியமாகிவிட்டது. வெர்லீன் அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். காப்பியில் கடைசி வரியை மட்டும் எப்போதாவது கேட்பாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்ட குரல் யாருடையது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.