நான்கு விரற்கடை

கிறகரி ஏறி மிதித்து கோயில் வளைவைத் தாண்டுவதற்குள் அவருடைய சைக்கிள் சீட் நான்கு விரற்கடை இறங்கிவிடும். ஒரு நாளும் மூன்றில் நின்றதில்லை, ஐந்துக்குப் போனதுமில்லை. வத்தேகமயில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அது அவருடைய மகள் நடாஷாவின் சைக்கிள். கிறகரி கண்டியில் ஒரு துணிக்கடையில் இருபது வருடமாகத் துணி அளந்து வெட்டுகிறவர். சீருடைக்குத் துணி எடுக்க வரும் தாய்மாரிடம், "வளர்ற புள்ள, ரெண்டு அங்குலம் கூட்டியே எடுங்க" என்று சொல்லிப் பழகிய வாய். பத்து வயது மகளுக்குச் சைக்கிள் வாங்கியபோதும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை. சீட்டை நான்கு விரற்கடை உயர்த்தி, குழாயில் அரத்தால் ஒரு கோடும் கீறினார். "கால் எட்டலப்பா" என்றாள் பிள்ளை. "வளர்ற புள்ளதானே, எட்டும்" என்றார். மூன்றாம் நாள் இறக்கத்தில் பஸ் எதிரே வர, பிரேக் பிடித்த பிள்ளைக்குக் கால் ஊன்ற நிலம் கிடைக்கவில்லை. பாவி மனுசன், அந்தக் கோட்டைத் தன் கையாலேயே கீறியிருந்தார்.

அந்த வருடமே பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்றது; திரீவீலர்கள் ஓடவில்லை. பஸ் நிலையம் போக வேறு வழியில்லாமல் அந்தச் சைக்கிளை வெளியே எடுத்தார். அன்றைக்கே சீட் இறங்கியது. சைக்கிள் கடை ஷிராஸ் போல்ட்டை மாற்றினார். சோடா டின்னை வெட்டிக் குழாயைச் சுற்றிச் செருகினார். கடைசியில் வெல்டிங்கும் பண்ணினார். மறுநாள் அதுவும் இறங்கி வந்தபோது, "இது யார்ட அளவு அண்ணே?" என்று மட்டும் கேட்டார். கிறகரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"இனிமே ஏத்தாதீங்க" என்றாள் மனைவி டொரதி. "அவ அளவுலயே இருக்கட்டும்."

அதன்பிறகு முழங்கால் நெஞ்சில் இடிக்க இடிக்க மிதித்தார். நடாஷாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சீட் ஒரு விரற்கடை தானாக உயர்ந்தது. டொரதி விரல் வைத்து அளந்துவிட்டு, உள்ளே போய் அழுவாள். கடையிலும் கிறகரி பிள்ளைகளை நிறுத்தி உள்ள அளவுக்கே வெட்டத் தொடங்கினார். முதலாளி ஏசியும் கேட்கவில்லை.

பிள்ளைக்குப் பதினான்கு வயதாகியிருக்க வேண்டிய காலையில் சீட் அந்தக் கோட்டுக்கு வந்து நின்றது.

"இப்ப எட்டும்" என்றாள் டொரதி.

கிறகரி சைக்கிளைத் துடைத்து, வாசலில் நிறுத்திவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தே போனார். மாலையில் திரும்பியபோது இரண்டு டயரிலும் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. அவர் அதைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் போட்டு, நாளைக்கும் தோதாக வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.